சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் உண்டு. 2020 நவம்பரில் இந்தச் சேவை தொடங்கியபோது, உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. முதல் முறையாகப் போகிறவர்களும், வயதான பெற்றோரைத் தனியாக ஏற்றி அனுப்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தூரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நேரத்துக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு?

சாங்கியிலிருந்து ஜான் எஃப். கென்னடிக்கு 15,349 கிலோமீட்டர். மைல் கணக்கில் 9,537. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் 8,288. நியூயார்க் நகரத்துக்கு அக்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்கு 15,344 கிலோமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 5 கிலோமீட்டர்தான்.

பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கு இடையிலான குறுகிய தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. அது பூமியின் சுற்றளவில் பாதி. அந்த உச்சவரம்பில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரே பயணத்தில் கடந்துவிடுகிறோம்.

இந்த எண்ணை நாமே கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

பொதுவாக இதற்குக் கோள முக்கோணவியல் வேண்டும். இந்த ஜோடிக்கு மட்டும் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலே போதும். காரணம் இதுதான்: சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு அருகில் இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு அருகில். இரண்டையும் கூட்டினால் 178. முழுதாக 180 வந்திருந்தால் இரண்டு ஊர்களும் பூமியின் நேர் எதிர்ப்பக்கங்களில் ஓடும் தீர்க்கரேகைகளில் இருக்கும். அப்போது குறுக்கு வழி வட துருவத்தின் வழியாகத்தான் போகும். 178 அதற்கு மிக அருகில் என்பதால், துருவம் வழியாகவே போவதாக வைத்துக் கணக்கிடலாம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. நியூயார்க் 40.64 பாகையில் இருக்கிறது. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346 வருகிறது. இணையத்தில் கிடைக்கும் எண்ணுக்கு மிக அருகில், தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

வரைபடத்தில் பசிபிக் பெருங்கடல்தானே நடுவில் இருக்கிறது? துருவம் எங்கிருந்து வந்தது?

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம் இந்த விஷயத்தில் ஏமாற்றும். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். மறு முனையை நியூயார்க்கின் மேல் வைத்து, தொய்வு போகும்வரை இழுங்கள். நூல் பசிபிக்கின் மேல் நிற்காது. தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, சீனாவின் மேற்குப் பகுதி, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே வழுக்கிக்கொண்டே போய், வட துருவத்திலிருந்து 280 கிலோமீட்டர் அளவில் ஒட்டிக் கடந்து, கனடாவின் மேலிருந்து தெற்கே இறங்கும். புறப்படும்போது விமானத்தின் மூக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, இரண்டரைப் பாகை மட்டும் மேற்கே சாய்ந்து இருக்க வேண்டும் என்கிறது கணக்கு.

15,349 என்பது அந்த நூலின் நீளம்.

அப்படியென்றால் விமானம் துருவத்தின் மேல்தான் பறக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு ஊர்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், நியூயார்க்குக்குக் கிழக்கே போனாலும் சேரலாம், மேற்கே போனாலும் சேரலாம். இரண்டிலும் பெரிய நஷ்டம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவின் மேலாகப் போனால் சுமார் 16,190 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட்டின் மேலாகப் போனால் சுமார் 16,470 கிலோமீட்டர். ஒன்று பசிபிக்கைத் தாண்டிப் போகிறது, மற்றொன்று ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போகிறது. திசைகள் நேர்மாறாக இருந்தும் குறுகிய தூரத்தைவிட ஐந்து முதல் ஏழு சதவீதம்தான் அதிகம். உலகில் வேறு எந்த ஜோடி ஊர்களை எடுத்தாலும் இப்படி ஒரு வசதி அமைவது அரிது. சென்னையிலிருந்து டில்லிக்கு இரண்டு திசைகளில் போகலாம் என்று யாரும் யோசிப்பதுகூடக் கிடையாது.

அதனால் ஒவ்வொரு நாளும் வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் ஜப்பான் பக்கம் போய் அந்தக் காற்றின் முதுகில் ஏறிக்கொண்டால், கூடுதல் கிலோமீட்டர்களை அது பறந்தும் நேரம் குறையும். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதும் கிழக்கே, அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாகப் போனால் அதே காற்று அங்கேயும் முதுகில் இருக்கும். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டோம் என்று பொருள். மற்ற பெரும்பாலான கிழக்கு–மேற்குப் பயணங்களில் போகும்போது உதவிய காற்று வரும்போது எதிர்க்கும். இங்கே அப்படி இல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது.

காற்றைத் தவிர அரசியலும் உண்டு. துருவத்தைக் கடக்கும் கோடு சைபீரியா வழியாகச் செல்கிறது. 2022-க்குப் பிறகு பல நாடுகளின் விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்து வருகின்றன. அந்தக் கதவு மூடியிருக்கும்போது மிஞ்சுவது பசிபிக்கும் ஐரோப்பாவும்தான்.

சரி, பயண நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் பொதுவாக 18 முதல் 19 மணி நேரம் வரை போட்டிருக்கும். இரு திசைகளுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அரை மணி நேரம் முன்பின் இருக்கும்.

2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவர்க்குக்கு இடைநில்லா சேவையை மறுபடி தொடங்கியபோது, அறிவித்த நேரம் ஏறத்தாழ 18 மணி 45 நிமிடம் வரை. அறிவித்த பறக்கும் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். நூலின் நீளத்தைவிட இது 1,350 கிலோமீட்டர் அதிகம் என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் தரையிறங்கியது. கணக்குப் போட்டு வைத்திருந்த நேரத்தைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக. காற்று நினைத்தால் அவ்வளவு மிச்சம் பிடித்துத் தரும்.

இணையத்திலுள்ள தூரக் கணிப்பான் காட்டும் நேரமும் டிக்கெட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போகவில்லையே?

டிக்கெட்டை நம்புங்கள். அந்தக் கணிப்பான்களில் பலவும் தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைச் சேர்த்துக் காட்டுகின்றன. காற்றும் அவற்றுக்குத் தெரியாது, மூடிய வான்வெளியும் தெரியாது. இந்தப் பாதையில் பறக்கும் விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் செல்கிறது. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்குச் சுமார் 905 கிலோமீட்டர். 15,349-ஐ அதால் வகுத்தால் 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். காற்றே இல்லாத உலகில், நூல் பிடித்த கோட்டில் பறந்தால் மட்டுமே அந்த நேரம் நடக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் வாயிலிலிருந்து வாயில் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். கென்னடி விமான நிலையத்தில் மாலை நேரப் புறப்பாடுகள் நெரிசலானவை. அங்கே அந்த ஊர்தலுக்கு நல்ல நேரம் ஒதுக்குவது நியாயம்தான்.

இரவு 11.35-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5 மணிக்கே சேர்வதாகப் போட்டிருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தில் எப்படி?

இரண்டும் அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். ஆக வித்தியாசம் குளிர்காலத்தில் 13 மணி நேரம், கோடையில் 12 மணி நேரம். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு 11.35-க்கு சிங்கப்பூரில் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நியூயார்க்கில் அதே ஞாயிறு காலை 10.35. அதோடு பதினெட்டரை மணி நேரத்தைக் கூட்டினால் திங்கள் காலை 5.05. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் என்று சொல்கிறது, உங்கள் கால்கள் பதினெட்டரை என்று சொல்லும்.

கணக்குப் போட ஒரே விதி போதும். புறப்படும் நேரத்தை முதலில் சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். பிறகு பயண நேரத்தைக் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் குழப்பம் வரும்.

திரும்பும்போது டிக்கெட்டில் '+2' என்று இருக்கிறதே?

இரண்டு நாள் கழித்துச் சேர்வீர்கள் என்று அதற்குப் பொருள். இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஜனவரியில் திங்கள் இரவு 10.30-க்கு நியூயார்க்கில் புறப்பட்டால், அந்நேரம் சிங்கப்பூரில் செவ்வாய் காலை 11.30. அதோடு 18 மணி 40 நிமிடம் கூட்டினால் புதன் காலை 6.10. செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்துவிடுகிறது.

ஹோட்டல் அறை, வரவேற்க வரும் உறவினர், அடுத்த ஊருக்கான டிக்கெட் எல்லாவற்றையும் புதன்கிழமைக்குப் பதிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு திருமணமோ, பதினாறாம் நாள் காரியமோ இருந்தால் ஞாயிறு இரவே நியூயார்க்கில் ஏறியாக வேண்டும். துக்கச் செய்தி கேட்டு அவசரமாக டிக்கெட் எடுக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். பதிவு செய்யும் பக்கத்தில் சேரும் தேதியை வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விமானம் பசிபிக் வழியாகப் போனாலும், ஐரோப்பா வழியாகப் போனாலும், துருவம் வழியாகப் போனாலும் தேதிக் கணக்கு மாறாது. சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டினோமா இல்லையா என்று கவலைப்படத் தேவையில்லை.

எந்த விமானத்தில் பறக்கிறார்கள்? எல்லா விமானங்களாலும் இவ்வளவு தூரம் போக முடியாதா?

முடியாது. இதற்கென்றே ஏர்பஸ் தயாரித்த ஏ350-900 யுஎல்ஆர் ('மிக நீண்ட தூரம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற வகை இது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதில் 7 விமானங்களை வாங்கியது. வழக்கமான ஏ350-900 விமானத்தில் 141,000 லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். இதில் 165,000 லிட்டர். அதற்காகப் புதிதாகத் தொட்டி எதையும் வைக்கவில்லை, இருக்கும் தொட்டிகளுக்குள்ளேயே எரிபொருள் அமைப்பை மாற்றியமைத்து இடம் கண்டுபிடித்தார்கள். புறப்படும்போது அனுமதிக்கப்படும் மொத்த எடை 280 டன்.

எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது என்பதுதான் நீண்ட பயணங்களின் அடிப்படைச் சிக்கல். முதல் பத்து மணி நேரம், கடைசி எட்டு மணி நேரத்துக்கான எண்ணெயையும் தூக்கிக்கொண்டுதான் பறக்க வேண்டும். எனவே மற்ற எடைகளைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சாதாரண ஏ350-900 விமானத்தில் 300 பேருக்குக்கூட இடம் அமைக்கலாம். இதில் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை.

விமானிகள் நான்கு பேர். இரண்டு இரண்டு பேராக முறை மாற்றி ஓட்டுவார்கள். ஓய்வெடுப்பவர்கள் படுக்க விமானத்திலேயே தனி அறை உண்டு.

இந்தச் சேவை முன்பே இருந்து நிறுத்தப்பட்டது என்கிறார்களே?

ஆம். 2004 ஜூனில் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நியூவர்க்குக்குத் தொடங்கினார்கள். 2008-இல் அந்த விமானங்களை 100 இருக்கைகள் மட்டுமே கொண்ட முழு பிசினஸ் வகுப்பாக மாற்றினார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த விமானத்துக்கு நான்கு என்ஜின்கள். எண்ணெய் விலை உயர்ந்தபோது செலவு கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே என்ஜினில் இதே தூரத்தைக் கடக்கும் விமானம் கைக்கு வரும்வரை ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 2018-இல் மறுபடி தொடங்கினார்கள். கென்னடி விமான நிலையத்துக்கான சேவை 2020 நவம்பர் 9 அன்று தொடங்கியது.

இரண்டு என்ஜின் விமானத்தில் கடலையும் பனியையும் தாண்டுவது ஆபத்தில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு என்ஜின் நின்றாலும் அடுத்த விமான நிலையத்தை எத்தனை நிமிடத்துக்குள் அடைய முடியும் என்பதை வைத்துத்தான் இத்தகைய பாதைகளுக்கு அனுமதி தருகிறார்கள். ஏ350 வகைக்கு 370 நிமிடம் வரை சான்று கிடைத்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒற்றை என்ஜினில் பறந்து தரையிறங்கும் தகுதி அதற்கு உண்டு என்று பொருள்.

சாதாரண எகானமி வகுப்பில் போக வழி இல்லையா?

இந்த இடைநில்லா விமானத்தில் இல்லை. அதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று கென்னடி விமான நிலையத்துக்குப் போகும் சேவையையும் நடத்துகிறது. அதில் எகானமி உண்டு. சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,280 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட்–நியூயார்க் சுமார் 6,190 கிலோமீட்டர். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இடைநில்லா விமானத்தைவிடச் சில மணி நேரம் கூடும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஆங்கிலமும் வேற்றூர் விமான நிலையமும் பழக்கமில்லாத பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றால் இடைநில்லா விமானம் கூடுதல் காசுக்குத் தகுதியானது. ஏறினால் போதும், இறங்கும் இடத்தில் பிள்ளை நிற்பான். ஆனால் கால் வீக்கம், முதுகு வலி உள்ளவர்கள், துணையோடு போகிறவர்கள் நடுவில் இறங்கி நடப்பதே நல்லது. சேமிக்கும் சில மணி நேரத்துக்காக உடம்பை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நியூயார்க் போவது சரியான வழியா?

தூரத்தை மட்டும் பார்த்தால் சுற்று வழி. சென்னை–நியூயார்க் நேர்தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் சுமார் 13,930. அதாவது 450 கிலோமீட்டர்தான் கூடுதல், ஏறக்குறைய நேர்வழி என்றே சொல்லலாம். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 2,900 கிலோமீட்டர் கிழக்கே போய், அங்கிருந்து 15,349. மொத்தம் 18,200-ஐத் தாண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்பவர்களுக்கு இந்த வழி அருமையானது. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. தடுமாறினால் தமிழில் கேட்டு வழி தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பார். வெறும் டிக்கெட் விலைக்காக என்றால், மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கென்னடியா, நியூவர்க்கா?

போகும் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். எடிசன், ஜெர்சி சிட்டி போன்ற நியூ ஜெர்சி ஊர்களில் நம்மவர்கள் நிறைய வசிக்கிறார்கள். அவர்களுக்கு நியூவர்க் தான். கென்னடியில் இறங்கினால் நியூயார்க் நகரத்தின் போக்குவரத்தை முழுவதும் கடந்து போக வேண்டியிருக்கும். குவீன்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் கென்னடி. குவீன்ஸின் ஃப்ளஷிங்கில் 1977-இல் குடமுழுக்கு கண்ட மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. அதன் உணவகத்து தோசைக்காகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு.

பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் சற்றுக் கூடுகிறது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஏறக் கூடாது. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஜன்னல் ஓரத்தைவிட நடைபாதை ஓர இருக்கையே நல்லது. பக்கத்தில் இருப்பவர் தூங்கிவிட்டால், எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள் நம் அம்மாக்கள்.

இந்த விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. குன்னூரில் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். பதினெட்டு மணி நேரத்துக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. களைப்பும் தலைவலியும் குறையும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எந்த ஊர் நேரப்படி எடுப்பது?

இதை விமானத்தில் ஏறிய பிறகு யோசிக்கக் கூடாது. நேர வித்தியாசம் 12 அல்லது 13 மணி என்பதால் இங்கே பகல் என்றால் அங்கே இரவு. 'காலை மருந்து' என்ற சொல்லே பயன்படாது. புறப்படும் நேரம், சேரும் நேரம், விமானத்தில் உணவு தரும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதித் தருவார். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பெட்டி தாமதமானால் கைக்கே வராது. மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

தூக்கம் எப்போது சரியாகும்?

உடம்பின் உட்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பார்கள். இங்கே 12 மணி நேரம் நகர வேண்டும். முதல் வாரத்தில் பேரக்குழந்தையின் பள்ளி விழா, நீண்ட கார்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. காலை வெயிலில் நடப்பது மாத்திரையைவிட உதவும்.

ஜன்னல் வழியே என்ன தெரியும்?

வழியையும் மாதத்தையும் பொறுத்தது. நியூயார்க்கிலிருந்து இரவு பத்தரைக்குப் புறப்பட்டு, டிசம்பரில் துருவத்தை ஒட்டிப் போனால் பதினெட்டு மணி நேரமும் இருட்டுதான். கனடாவின் மேல் நள்ளிரவு, துருவத்தில் மாதக்கணக்கான இரவு, சைபீரியாவை அடையும்போது அங்கே மாலை முடிந்திருக்கும், சீனாவின் மேல் நடுநிசி, சிங்கப்பூரில் விடிவதற்குச் சற்று முன் இறங்குவீர்கள். அதே நாளில் ஐரோப்பா வழியாகப் போனால் நடுவில் ஒரு பகலைப் பார்த்துவிடலாம். ஜூனில் துருவத்தில் சூரியன் மறைவதே இல்லை.

துருவப் பாதைகளில் விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையையும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ வகை எரிபொருள் மைனஸ் 40 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். மற்ற நாடுகளில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். வெளிக்காற்று இவற்றைவிடக் குளிர்ந்திருக்கும் இடங்கள் உண்டு. அப்போது உயரத்தையோ வேகத்தையோ மாற்றிக்கொள்வார்கள்.

இதைவிட நீண்ட பயணம் வருமா?

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லா சேவை நடத்தத் திட்டமிட்டு, அதற்காக ஏ350-1000 விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறது. தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். 2019 அக்டோபரில் அது நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரோடு ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. 19 மணி 16 நிமிடம் ஆயிற்று. பயணிகள், விமானிகளின் தூக்கத்தையும் விழிப்பையும் அதில் ஆராய்ந்தார்கள்.

நியூயார்க்கில் இறங்கி வேறு ஊருக்கு விமானம் பிடிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும்?

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனை நடக்கும். பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாக இதுதான் நடைமுறை. பிறகு பாதுகாப்புச் சோதனைக்கு மறுபடி வரிசை. முனையம் மாற வேண்டியிருந்தால் ரயில் ஏற வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன், சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்களுக்கு நான்கு. அடுத்த விமானம் கென்னடியிலிருந்தா, நியூவர்க்கிலிருந்தா, லகார்டியாவிலிருந்தா என்பதையும் பாருங்கள். மூன்றும் வெவ்வேறு இடங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டிய டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.